அறுநூற்றைம்பது வாட்

வடக்கன்குளத்துக் கல்யாணம்
எழுபத்தொரு சதவீதத்தில் நிற்கிறது.
தாலி மாப்பிள்ளை கையில். கழுத்துக்கு இன்னும் ஒரு சாண்.
எத்தனை தடவை ஓட்டினாலும் அந்த இடத்தில்
வீட்டில் கரண்டு இருக்க, தலைக்கு மேல் ஃபேன் சுற்ற,
கம்ப்யூட்டர் மட்டும் பட்டென்று அணைகிறது.

பிரிசில்லாவின் அண்ணன் தோஹாவிலிருந்து கூப்பிட்டான்.
‘அக்கா, கட்டிட்டாங்களா இல்லியா?’
கட்டி ரெண்டு மாசமாச்சுப்பா.
என் பெட்டிக்குள்ளதான் கட்டல.

பெருமாள்புரத்தில் ஒரு பையன் கார்டு விற்றான்.
மூன்று விசிறி, செங்கல் கனம்.
‘கேம் மட்டுந்தாங்க்கா ஆடுனேன்,
காயின் கீயின் தோண்டவே இல்ல.’
கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதற்காக
இரண்டாயிரம் குறைத்துக் கேட்டேன்.
உடனே தந்துவிட்டான்.
அதுவும் உறுத்தியது.

வண்ணார்பேட்டைக் கடையில் கோமதிநாயகம்
என் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை
சந்தையில் பூசணிக்காய் தூக்குவதுபோல் தூக்கிப் பார்த்தார்.
‘நானூத்தம்பதுன்னு ஸ்டிக்கர்தான் சொல்லுது.
உள்ள எரநூறு தேறாது. கனமே இல்ல பாருங்க.’
ஏழு வருஷம் அந்த ஸ்டிக்கரை நம்பி
எத்தனை பேருக்குக் கல்யாணம் செய்துவைத்திருக்கிறேன்.

ஒரு வளையல் கூட்டுறவு வங்கிக்குள் போனது.
அறுநூற்றைம்பது வாட் மடிக்கு வந்தது.

நாகர்கோவில் பஸ். கண்டக்டர்
பெட்டியைப் பார்த்து ‘கேக்கா?’ என்றார்.
ஆமாம் என்றேன்.
நாங்குநேரி வருவதற்குள் விளக்கிவிடக்கூடிய சங்கதியா அது.

வள்ளியூர் தாண்டினால் ஆனிக் காற்று
பஸ்ஸையே ஒருபக்கமாகச் சாய்க்கிறது.
ஆனால் காத்தாடிகளில் பாதி சும்மா நின்றன.
அவற்றில் ஏறி இறங்குகிறவன்
எதிர்வீட்டு முப்பிடாதி.
‘காத்து கெடக்குக்கா, கிரிட்டு எடுக்கமாட்டேங்கு.
நிப்பாட்டச் சொல்லுதானுவ’ என்றான்,
ஹாக்ஸா பிளேடைக் கொடுத்துக்கொண்டே.

பிளேடு எதற்கென்றால்,
கார்டு நீளம், பெட்டி குட்டை.
ஹார்ட் டிஸ்க் கூண்டின் ஒரு காலை அறுத்தெடுத்தேன்.
நைட்டி முழுக்க இரும்புத்தூள்.
பிறகு எட்டுப் பின் வயர்:
ஆறு தனி, ரெண்டு தனி,
இரண்டையும் ஒட்டிப் பிடித்து ஒரே மூச்சில் அழுத்தவேண்டும்.
‘டக்’ கேட்பதற்குள் கட்டைவிரல் சிவந்துவிட்டது.

சுவிட்ச்.
திரை வந்தது.
விசிறி சுற்றவில்லை.

ஒன்றுகூட.
விரலால் தள்ளிவிட்டேன், அரைச்சுற்று போய் நின்றது.
பெருமாள்புரம், இரண்டாயிரம், வளையல்
எல்லாம் வரிசையாய் வந்து நெஞ்சில் உட்கார்ந்தன.
மணி பதினொன்றரை. கூச்சப்படாமல் போன் போட்டேன்.
தூக்கக் குரலில் சொன்னான்:
‘சூடானாத்தான் சுத்தும்க்கா. வேல குடுங்க.’

விட்ட இடத்திலிருந்து தொடராது அது.
முதலிலிருந்து ஓட்டினேன்.
பூட்டப்பட்ட கோயில் கேட், டிரோன், தென்னைகள்.
ஐம்பது டிகிரி. ஐம்பத்தாறு.
மணப்பெண் வளையல் அடுக்குகையில் அறுபது;
நடு விசிறி ஒருமுறை துடித்து,
பிறகு மூன்றும் சேர்ந்து இரைந்தன.
பக்கத்து அறையில் அவர் புரண்டு படுத்தார்.

அறுபத்தொன்பது.
எழுபது.
எழுபத்தொன்றில் மூச்சு விடவில்லை நான்.

எழுபத்திரண்டு.
கட்டிவிட்டான்.
கட்டியதைப் பார்க்க முடியவில்லை.
அரக்குப் பட்டில் ஒரு பெரியம்மா
சரியாக அந்த நேரத்தில் குறுக்கே வந்து நிற்கிறாள்,
பூ எறியக் கை தூக்கியபடி.
படம் பிடித்தவள் நான்தான்.
எனக்கு அவளைப் பற்றி ஞாபகமே இல்லை.

விடிகாலை மூன்றுக்கு நூறு.
‘கட்டியாச்சு’ என்று தோஹாவுக்குத் தட்டினேன்.
விசிறிகள் அடங்கின.
வாசலுக்கு வந்தால் காற்று முகத்தில் அறைகிறது.
மலையோரம் நெடுகச் சிவப்பு விளக்குகள்,
அவற்றுக்குக் கீழே எது சுற்றுகிறது
எது நிற்கிறது என்று இருட்டில் தெரியவில்லை.

காலையில் கூட்டும்போது
மேசைக்கடியில் ஒரு திருகாணி கிடந்தது.
எங்கே இருக்கவேண்டியதோ.
டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.