மூன்றடி பதினொரு அங்குலம்

சரசாலையில் வீதி அகலிக்கிறார்கள்.
திங்கள் காலை பெக்கோ வரும் என்று
ஒப்பந்தக்காரரின் பொடியன் சொல்லிவிட்டுப் போனான்.
சொல்லாமலே இடித்திருக்கலாம். நல்ல பொடியன்.

நாயுண்ணிப் பற்றை வெட்ட இரண்டு ஞாயிறு போயிருந்தது.
உள்ளே இரண்டு தூண், குறுக்கே ஒரு பலகைக் கல்,
சாரைப் பாம்பின் சட்டை ஒன்று,
ஒரு நெக்டோ போத்தல்.
போத்தலையும் கொப்பியில் எழுது என்றார் அமலதாசன்.
மருந்துக்கடைக்காரர்; எதையும் லேபல் இல்லாமல் விடமாட்டார்.

எழுத்து பகலில் தெரியவில்லை.
மாவு பூசினால் தெரியும் என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை!
இருட்டும்வரை இருந்தோம்.
டிலானி போன் வெளிச்சத்தைக் கல்லோடு ஒட்டிச் சரித்துப் பிடிக்க
பள்ளங்கள் நிழல் குடித்து எழுந்தன:

விரோதி வருஷம் ஐப்பசி மாதம்
வேலாயுதர் மகன் கதிரித்தம்பி
தன் பெண்சாதி ஞாபகமாய்ச் செய்வித்த உபயம்.

விரோதி அறுபது வருஷத்துக்கு ஒருக்கால் வரும்.
1769 என்றால் சட்டம் எங்கள் பக்கம்.
1829 என்றால் பதினாலு வருஷம் பிந்திவிட்டது.
1889 என்றால் கதைக்கவே தேவையில்லை.
முதலாவதாக இருக்க எழுத்தின் சாயல் விடாது என்றார் அமலதாசன்.
பொய் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.
கொஞ்சம் வந்தது.
திணைக்களத்துக்கு உள்ளபடியே அனுப்பினோம்,
பதிலும் வந்தது:
தங்கள் கடிதம் கிடைத்தது.

படிவத்தில் ஒரு கட்டம்: யார் நினைவாக.
பவளராணி என் கையிலிருந்து பேனையை வாங்கினா.
குடும்பநல உத்தியோகத்தர், பத்தொன்பது வருஷ சேவை.
"எங்கட கிளினிக் அட்டையில
பேர்தான் முதல் கட்டம்.
பிறகுதான் கிழமை, நிறை, அழுத்தம் எல்லாம்."
கல்லைச் சுற்றி வந்தா. பின்பக்கமும் பார்த்தா.
தகப்பன் பெயர் இருக்கிறது, மகன் பெயர் இருக்கிறது.
பிள்ளை வயிற்றோடு போனவளுக்குச்
சுமைதாங்கி வைப்பது வழக்கம்,
இறக்காத பாரத்தை
வழியில் போறவர்கள் இறக்கட்டும் என்று.
பெயர் வைப்பது வழக்கமில்லைப் போல.

அளவுநாடாவைக் குலவீரன் பிடித்தான்.
மூன்றடி பதினொன்று.
திரும்ப அள என்றேன். திரும்பவும் மூன்றடி பதினொன்று.
கொப்பியைப் புரட்டினோம்:
மட்டுவில் நாலடி ஆறு,
கைதடி நாலடி ஏழு,
மீசாலையில் உடைந்தது, நின்ற அளவில் நாலடி ஐந்து.
பவளராணி கிட்டப்போய் நின்றா.
பலகைக் கல் தோளுக்குச் சரியாய் வந்தது.
"ஆரோ ஒராளை நிற்கவைச்சு
அளந்த உயரம் இது."
"இல்லாத ஆளை எப்படி நிற்கவைக்கிறது?" என்றான் குலவீரன்.
அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.
ஊகம் என்று எழுதுங்கோ என்றார் அமலதாசன்.
எழுதினேன். அடிக்கோடும் போட்டேன்.

ஞாயிறு இரவே கல்லுக்குச் சோக்கட்டியால் இலக்கம் இட்டு,
சாக்குச் சுற்றி, மயூரதனின் உழவு மெஷினில் ஏற்றி
வீதியிலிருந்து பன்னிரண்டு அடி,
வயல் வரம்போரம் கொண்டுபோனோம்.
தன் காணி என்று அவன் சொல்லவேயில்லை,
குழி வெட்டும்போதுதான் தெரியும்.
விடிய நாலு மணிக்குக் கல் எழும்பி நின்றது.
நாடா வைத்தோம்: நாலடி நாலு.
கீழே கொங்கிறீட் தடித்துவிட்டது.

"ஐந்து அங்குலம்தானே," என்றேன்.
கை கொப்புளித்திருந்தது, எட்டரைக்கு வங்கி.
பவளராணி ஒன்றும் சொல்லவில்லை.
சேலையைச் செருகிக்கொண்டு
அலவாங்கை எடுத்தா.
காயாத கொங்கிறீட் முழுவதையும் அள்ளிக் கொட்டி
ஐந்து அங்குலம் திரும்பத் தோண்டினோம்.

படிவத்தின் அந்தக் கட்டத்தில்
இப்போது இருப்பது ஒரு உயரம்.
திருப்பி அனுப்புவார்களோ தெரியாது.
புதன்கிழமை போய்ப் பார்த்தேன்,
கணித ரியூசன் நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது.
ஈரத்துணியால் மெல்ல உரித்தேன்.
பசை கொஞ்சம் நிற்கிறது, பெண்சாதி என்ற சொல்லில்.
அமலதாசனுக்கு இன்னும் சொல்லவில்லை.