சோதனைத் தரவு

ஜாவா படிக்கத் தொடங்கி மூன்றாவது கிழமை.
தாய் வகுப்பில் உள்ளதெல்லாம்
பிள்ளை வகுப்புக்கும் வரும் என்றார் சேர்.
தம்பிலுவில்காரிக்கு இதைச் சொல்லித்தர வேணுமா?
எங்களுக்குக் குடியே அம்மா வழிதான்.

கோயிலுக்கொரு குடிப்பதிவுத் தளம்,
வண்ணக்கர் கேட்டார், தலையாட்டிவிட்டேன்.
நாலு அட்டவணை. அதிலொன்று கலியாணம்.
ஒரே குடிக்குள் சம்பந்தம் கூடாதென்ற விதியை
நேற்றிரவு நானே எழுதினேன்.

ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும்.
பெண்: யதுஷிகா. சும்மா, என் பெயர்தான்.
மாப்பிள்ளை:
அக்கரைப்பற்று பஸ்ஸில் எனக்கு இடம்பிடிக்கிற
கோபிராஜ்.
அவன் தாயின் பெயர் ஏற்கெனவே பதிவில் இருந்தது.

சிவப்பில் ஒரு வரி.

மூன்று தரம் வாசித்தேன்.
அரைப்புள்ளிகூடப் பிசகவில்லை.
சேர் எட்டிப் பார்த்து,
"ஆ, நல்லா வேலை செய்யுதே" என்றார்.