பதினெட்டு வெள்ளிக் கண்ணாடி

லியோங் கடையில் பேரம் பேசாமல் வாங்கினேன்.
பெட்டியில் ஊதா நிறத்தில் ஒரு கழுகு.
கழுகுக்கும் ஃபில்டருக்கும் என்ன உறவென்று
அவனுக்கும் தெரியவில்லை.
'லென்ஸ் ரெண்டாயிரம், இது பதினெட்டு.
எது உடையணும், நீயே சொல்லு.'
சரியான கேள்வி போலத்தான் இருந்தது.

ஊத்தான் மெலிந்தாங்கில் கேமராவுக்கு எதிரிகள் அதிகம்.
செம்பனை ஆலைப் புகை,
குலை ஏற்றிய லாரி கிளப்பும் செம்மண்,
கல்யாண மண்டபத்தில் நுரை பீய்ச்சும்
மாப்பிள்ளைத் தோழர்கள்.
முகத்துக்கு முன் இன்னொரு முகம் இருக்கட்டும் என்று
திருகி வைத்தேன்.

புற ஊதாக் கதிரைத் தடுக்குமாம்.
ஃபிலிம் காலத்தில் அதற்கு வேலை இருந்தது.
இப்போது சென்சார் வாசலிலேயே
அந்தக் காவல் உட்கார்ந்திருக்கிறது.
மரமெல்லாம் வெட்டிய பிறகும்
நிரை பார்க்க வரும் கங்காணி மாதிரி
என் கண்ணாடி வெளியே நின்றது.
பகலில் தொந்தரவில்லை.

தீமிதி இரவில்தான் வாயைத் திறந்தது.

பந்தலில் டியூப் லைட் மூன்று. கீழே பூக்குழி.
கையுறை ஆலையில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு
விரதமிருந்த பொன்னரசி
ஐந்து எட்டில் கடந்தாள்.
நான் பதினோரு முறை அழுத்தினேன்.
பதினொன்றிலும்
அவள் காலடியில், கனலுக்கு மேல்,
பச்சையாய் மூன்று கோடுகள் மிதந்தன.

பொருளாளர் சர்குணன் திரையைப் பார்த்துக்
கன்னத்தில் போட்டுக்கொண்டார்.
'ஆத்தா தாங்கியிருக்கா பாரு!
பெருசாப் போட்டுக் கொடு, மண்டபத்துல மாட்டணும்.
காசைப் பத்திக் கவலைப்படாதே.'

சொல்லியிருக்கலாம்:
லென்ஸுக்குள் போன ஒளி
சென்சாரில் பட்டுத் திரும்பி
பூச்சில்லாத கண்ணாடியின் முதுகில் மோதி
மறுபடி உள்ளே விழுந்திருக்கிறது என்று.
சொல்லவில்லை.
சட்டம் போட்டு நூற்று எண்பது வெள்ளி.
பதினெட்டுக்குப் பத்து மடங்கு.

ஞாயிற்றுக்கிழமை பொன்னரசி வந்தாள்
தன் பிரதியை வாங்க.
வெகுநேரம் பார்த்தாள்.
'இது பந்தல் லைட்டுண்ணே. தலைகீழா விழுந்திருக்கு.
மேல மூணு, கீழ மூணு. எண்ணிப் பாருங்க.'
நாளெல்லாம் கையுறைகளில்
ஊசித் துளை தேடுகிற கண்.
'நடந்தது நான். சுட்டது எனக்கு.
நடுவுல இது எதுக்கு?'

கழற்றப் பார்த்தேன்.
மலிவு அலுமினிய வளையம்
லென்ஸைக் கடித்துக்கொண்டு வர மறுத்தது.
பையிலிருந்து ரப்பர் கையுறை ஒன்றை எடுத்து மாட்டி
'தள்ளுங்க' என்றாள்.
ஒரே திருகு.

இந்த ஆண்டு வெறும் லென்ஸோடு
குழி ஓரத்தில் நின்றேன்.
கேமராவை நெஞ்சோடு அணைத்து நின்றதில்
முதல் மூன்று பேரைத் தவறவிட்டேன்.
பொன்னரசி இறங்கும்போது
எவனோ வீசிய மஞ்சள் தண்ணீர் கண்ணாடியில் தெறித்தது.
துடைக்க நேரமில்லை. எடுத்தேன்.

தேடினால் ஒரு மூலையில் லேசான மங்கல்.
மற்றபடி இருட்டு இருட்டாக இருந்தது.
பல்லைக் கடித்திருந்தாள்.
போன வருடமும் கடித்திருப்பாள்,
பச்சையைப் பார்த்த யாரும்
அதுவரை மேலே பார்க்கவில்லை.

'இந்த வருஷம் ஒண்ணும் வரலையா?' என்றார் சர்குணன்.
பழைய படம் மண்டபத்தில்தான் இருக்கிறது.
கற்பூரத் தட்டு அதற்கும் ஒரு சுற்றுக் காட்டப்படுகிறது.
அந்த நேரம் நான்
பேட்டரி மாற்றப் போய்விடுவேன்.

நேற்று லியோங் கேட்டான்:
'பதினெட்டு வெள்ளி உடைஞ்சுதா?'
இல்லை.
'லென்ஸ்?'
அதுவும் இல்லை.
'பாத்தியா!' என்றான்,
புதிதாய் வந்த பெட்டியை என் பக்கம் நகர்த்தி.
இதில் புலி.