பின்னோக்கி நடப்பவர்கள்

அந்த மார்ச்சில் நான்கு நாள்
பின்சீட்டில் எனக்கு வேலை
சிப்ஸ் பையைப் பிடித்துக்கொள்வது,
வாயைத் திறக்காமல் இருப்பது.
மினசோட்டா முழுக்க அழுக்குப் பனி.
அப்பா வரவில்லை, பசுக்கள் ஈனும் காலம்.
அம்மா ஓட்டினாள். பக்கத்தில் அக்கா பிரிட்டா,
மடியில் ஒரு கோப்பு,
அதில் மூன்று கல்லூரிகள்
மூன்று நிறத்தில்.

முதல் கல்லூரியில் அவள் இறங்கவே இல்லை.
கார் நிறுத்துமிடத்தில் ஒரு பெண்
நாயுடன் போனாள்.
"வேண்டாம்" என்றாள் பிரிட்டா.
"எது வேண்டாம்?"
"இது."
இருநூறு மைல். நாற்பது டாலர் பெட்ரோல்.
அம்மா கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே பார்த்தாள்,
பிறகு காரைத் திருப்பினாள்.
அந்தக் கல்லூரியைப் பற்றி நான் அறிந்ததெல்லாம்
ஒரு நாய்.

இரண்டாவதில் எல்லாம் இருந்தது.
செயற்கைப் பாறையில் ஏறலாம்,
நள்ளிரவில் வாஃபிள் கிடைக்கும்,
அணில்கள்கூட சம்பளத்துக்கு வைத்தவை மாதிரி
வழியில் நின்று பார்த்தன.
வழிகாட்டிப் பையன் கேம்டன்
எங்கள் முகம் பார்த்தபடி
பின்னோக்கியே நடந்தான்.
படி எங்கே பள்ளம் எங்கே என்று
குதிகாலுக்குத் தெரியும்போல.
ஒருமுறைகூடத் தடுக்கவில்லை.
அம்மாவுக்கு வேலை பல் மருத்துவரிடம்.
"முப்பத்திரண்டும் வரிசை தப்பல"
என்று என் காதில் சொன்னாள்,
பாராட்டா புகாரா தெரியவில்லை.
மாதிரி அறை ஒன்றைத் திறந்து காட்டினார்கள்.
யாரும் படுக்காத தலையணை.
யாரும் கடிக்காத ஆப்பிள்.
நான் தொட்டுப் பார்த்தேன். மெழுகு.

மூன்றாவதற்குத் தாமதம்.
உறைமழை. குழு கிளம்பிவிட்டது.
அலுவலகத்தில் இருந்தவள் பெயர் ஒடெஸ்ஸா.
அன்று அவள் முறையே இல்லை,
கோட்டுக்குள் பைஜாமா தெரிந்தது.
"சரி, வாங்க" என்று எழுந்தாள்.
அவளும் பின்னோக்கி நடக்கப் பார்த்தாள்,
நூலகத்தின் இரண்டாம் படியில் வழுக்கி
உட்கார்ந்தே விட்டாள்.
பிரிட்டா கை கொடுத்தாள்.
அதற்கப்புறம் இருவரும் அருகருகே,
நானும் அம்மாவும் அவர்கள் முதுகைப் பார்த்தபடி.

அச்சடித்து எடுத்துவந்த கேள்விகள்
கைப்பையிலேயே கிடக்க,
அம்மா கேட்டாள்:
"அழணும்னா பிள்ளைங்க எங்க போவாங்க?"

அக்கா காதுமடல் வரை சிவந்தாள்.
எனக்கு அங்கேயே உருகி
சாக்கடையில் ஓடிவிடலாம் போலிருந்தது.
ஒடெஸ்ஸா சிரிக்கவில்லை. யோசித்தாள்,
நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று
யாரோ கேட்டதுபோல.
"சலவை அறை. ட்ரையர் ஓடும்போது
வெளியே கேட்காது. சூடாவும் இருக்கும்."

கூட்டிப்போய்க் காட்டினாள்.
ஏழு இயந்திரம். ஒன்றின்மேல்
கெட்டுவிட்டது என்று ஒரு தாள்,
தாளே மஞ்சளாகிவிட்டது.
ஒற்றைக் காலுறைகளைக் கொடியில் குத்தி
வைத்திருந்தார்கள், உரியவர் வரட்டும் என்று.
ஓடிக்கொண்டிருந்த ட்ரையர்மேல்
பிரிட்டா உள்ளங்கையை வைத்தாள்.
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் அப்பா போனில் வந்தார்.
காளைக் கன்றாம்.
"காலேஜ்?" என்றார்.
"ம்ம்" என்றாள்.
இரண்டாவதில் தந்த பெயர்ச்சீட்டை
அன்றைக்கே உரித்து
கார்க் கதவில் ஒட்டிவிட்டிருந்தாள்.
மூன்றாவதின் சீட்டு கோட்டிலேயே இருந்தது,
அவள் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிய
ஒடெஸ்ஸாவின் கையெழுத்தோடு.

ஏப்ரல் முழுக்கப் பட்டியல் போட்டாள்.
கட்டணம், கடன், தொலைவு.
கூட்டினாள், அழித்தாள், மறுபடி கூட்டினாள்.
சமையலறை விளக்கு எரிந்தபடியே இருந்தது.
எனக்குத் தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை.
கோட்டை இரண்டுமுறை துவைத்தார்கள்.
சீட்டு போய்விட்டது, பசை போகவில்லை.
இடது நெஞ்சில் ஒரு செவ்வகம்,
அதில் வைக்கோல் துணுக்கு, பூனைமுடி.

அவள் அங்கே அழுதாளா என்று
நான் கேட்டதில்லை.
முதல் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது
அவள் பையில் ஓர் ஒற்றைக் காலுறை,
ஆரஞ்சு நிறம், ஆம்பளைக் கால் அளவு.

இந்த மார்ச்சில் முன்சீட்டு எனக்கு.
அம்மா கேள்வி எதையும் அச்சடிக்கவில்லை.