லுஹருக்கும் அஸருக்கும் நடுவே

அவித்த நெல்லின் ஆவி அடங்கும் முன்னரே
சீமெந்துக் களத்தில் கொட்டி
காலால் கோடு கோடாய்க் கிளறத் தொடங்குவோம்,
நானும் பௌசியாவும் இன்னும் நாலு பேரும்.
சம்மாந்துறையில் எங்கள் ஆலைக்கு
வெயில்தான் பெரிய முதலாளி.
சின்ன முதலாளி கதிரையில் இருந்து
வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

யா அல்லாஹ், பின்னேரம் வரைக்கும் வெயிலைத் தா
என்றுதான் ஒவ்வொரு நாளும் கேட்கிறேன்.
கேட்ட வாயாலேயே மகனிடம் சொல்கிறேன்:
வெயிலுக்குள்ள போகாத.

சிஹாப்.
வாப்பா ஆசைப்பட்டு வைத்த பெயர்,
தீக்கொழுந்து என்று பொருளாம்.
பிறந்தபோது இமை மயிரும் வெள்ளை.
கல்முனைத் தோல் கிளினிக்கில் டொக்டர்
நீளமான பெயரொன்றைத் துண்டில் எழுதித் தந்தார்.
மற்றப் பிள்ளைகள் வெயிலில் கறுப்பார்கள்,
இவருக்குக் கொப்பளிக்கும் என்றார்.

தொப்பி போடு என்றால் ஏன் என்பான்.
நீளக்கைச் சட்டை என்றால் அவியுது என்பான்.
எட்டு வயது. மணிக்கூடு பார்க்கத் தெரியும்,
மதிக்கத் தெரியாது.
அதனால் நிழலைக் கொடுத்தேன்.

வேலை இல்லாத வெள்ளிக்கிழமை ஒன்றில்
வாசல் மணலில் நிறுத்தி
ஈர்க்கால் கோடு போட்டேன்.
பாரு மகன், நிழல் உன்னை விட நெட்டையா, விளையாடு.
உன்னை விடக் கட்டையா,
வெயில் உன்ட நிழலைத் தின்னுது,
அடுத்தது நீதான், உள்ளுக்கு வந்திடு.
கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்:
"இது அஸர் கணக்குத்தானே?"
ஓதப் போன இடத்தில் படித்திருக்கிறான்,
ஒரு பொருளின் நிழல் அதனளவு நீண்டால் அஸர் என்று.
இத்தனை வருஷம் தொழுகிறேன்,
இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை நான்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அளக்கிறான்.
கிணற்றுக்கட்டு, சைக்கிள்,
எதிர்வீட்டு ஆடு. ஆடு நிற்காததால் கணக்குப் பிழைத்தது.
பத்தரை இடைவேளையில்
மைதானத்துக்குப் போ என்ற ரீச்சருக்கும்
நிழலைக் காட்டிவிட்டு
மரத்தடியிலேயே நின்றானாம்.

வெயிலுக்குப் பூசும் கிறீம் கேட்டுப் பார்மசிக்குப் போனேன்.
கடைப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு
வெள்ளையாக்கும் கிறீம் மூன்று வகை எடுத்து வைத்தாள்.
எனக்கில்லை, இவருக்கு என்றேன்.
"இவருக்கு என்னத்துக்கு? நல்ல வெள்ளதானே."
சிஹாப் சிரித்தான்.
நான் விலையைப் பார்த்தேன், மூன்று நாள் கூலி.
கழுத்து, மூக்கு, காதின் பின்பக்கம் என்று
பயறளவு எடுத்துத் தேய்த்துத் தேய்த்து நீட்டுகிறேன்.

ஆகஸ்ட் விடுமுறை. கச்சான் அடிக்கிறது.
ஸ்டோர் வாசலில் சாக்குகளுக்கு மேல் இருந்து கத்துகிறான்:
"உம்மா, உங்கட நிழல் காலுக்குள்ள போயிட்டு!
உள்ளுக்கு வாங்க!"
களமே சிரித்தது.
பௌசியா மட்டும் குனிந்து
தன் நிழலைத் தேடினாள்.
இன்னும் ரெண்டு கிளறல் மகன் என்றேன்.
அவனுக்கு அது பதிலாகப் படவில்லை.
எனக்கும்தான்.

மூன்று மணி இருக்கும்,
இங்கினியாகலைப் பக்கமிருந்து மேகம் ஏறியது.
"படங்கு, படங்கு" என்று
கதிரையை விழுத்திக்கொண்டு எழும்பினார் முதலாளி.
ஆறு பேரும் நெல்லை ஒதுக்கிக் குவிக்கையில்
களத்தின் நடுவில் நிற்கிறான் சிஹாப்,
தலையில் ஒன்றுமில்லாமல்,
காலடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு.

"உம்மா, நிழலே இல்ல.
இப்ப நான் நெட்டையா, கட்டையா?"

மேகத்துக்குள்ளாலும் வெயில் கடிக்கும் என்று
டொக்டர் சொன்னதை
அவனுக்கு இன்னும் நான் சொல்லியிருக்கவில்லை.
முதல் துளி நெல்லில் விழுந்தது.
தொப்பியைப் போட்டுட்டு வந்து
அந்தப் படங்குட மூலையைப் பிடி என்றேன்.