வடம்

கூட்டுப் பயிற்சிக்கு நான்கு நாட்டுக் கப்பல்கள்.
விடிய இன்னும் நேரமிருக்கிறது. அலைதடுப்புச் சுவருக்கு வெளியே
சாம்பலாக நிற்கின்றன,
பல் துலக்காமல் ரேஷன் வரிசைக்கு வந்தவர்களைப் போல.

எங்கள் இழுவைப் படகில் ஆறு பேர்.
குரியன் ஸ்டியரிங்கில். மொய்தீன் கீழே இன்ஜினோடு.
வடம் வாங்குவது நான், காசிமேட்டு தேசப்பன்.

உயரத்திலிருந்து ஒரு பையன் கயிற்றை வீசுகிறான்.
அவன் மொழி எனக்குத் தெரியாது.
பிடித்துவிடுவேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?
வீசுகிறான். பிடித்துவிட்டேன்.
கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறான்.

நேற்றைய பேப்பரில் யாரோ விளக்கியிருந்தார்கள்:
ஒருவர் மேல் விழுகிற அடி
எல்லோர் மேலும் விழுந்த அடி என்று
கையெழுத்துப் போட்ட நாடுகள் உண்டாம்.
நம்முடையது அப்படியில்லை, நட்பு மட்டுமாம்.
"கல்யாணத்துக்கு வருவேன்,
கடனுக்கு ஜாமீன் நிக்கமாட்டேன், அதானே?"
என்றான் மொய்தீன், டீயை ஊதிக்கொண்டே.
குரியன் சிரிக்கவில்லை. அவர் தம்பி எல்லையில் இருக்கிறான்.

உயர் நீதிமன்றச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு, ஒரு செப்டம்பர் இரவு,
எம்டன் சுட்டுவிட்டுப் போன இடம்.
எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஊர் மூட்டை கட்டியது.
எங்கோ யாரோ யாருக்கோ கொடுத்த வாக்கு
பற்றிக்கொண்டது இங்கே.
எங்களை ஒருவரும் கேட்கவில்லை.
மிஞ்சியது ஒரு சொல்:
பொல்லாத பயலைப் பார்த்தால்
'சரியான எம்டன்டா' என்கிறோம்.

ஆனாலும் ஒற்றை வடத்தின் லட்சணமும் எனக்குத் தெரியும்.
போன ஐப்பசியில், காற்று திரும்பிய மதியம்,
ஒரே கயிற்றில் நின்ற சரக்குக் கப்பல்
முனகிக்கொண்டே சுவரைப் பார்த்து நகர்ந்தது.
இன்னொரு படகு வந்து தோள் கொடுத்த பிறகுதான்
வறண்ட வாயில் எச்சில் திரும்பியது.

அன்று சாயங்காலம் குரியன்
தளத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டார்.
அறுகிற வடம் கப்பலை அடிப்பதில்லை.
பின்னால் நிற்பவன் காலை எடுத்துக்கொண்டு போகும்.

நான்காவது கப்பலும் உள்ளே வந்துவிட்டது.
வடங்கள் விறைத்து, நீர் பிழிந்து,
ஒரே பக்கமாக இழுக்கின்றன, இன்றைக்கு.
கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.
மேலே அந்தப் பையன் இன்னும் கையாட்டுகிறான்.
அவன் கப்பலில் கோட்டை எங்கே போட்டிருக்கிறார்கள்,
அவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று
எந்த மொழியில் கேட்பது.