இருபது மில்லிசெகண்ட்

நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
யாரோ எழுதி வைத்திருந்தார்:
இருபது மில்லிசெகண்ட் பொறு.
பக்கத்தில் ஒரு குறிப்பு,
“எடுத்துவிடாதீர்கள். ஏனென்று தெரியவில்லை.”
கீழே இரண்டே எழுத்து: மா.வே.

எடுத்துவிட்டேன்.

புது கெர்னலுக்குப் பழைய டிரைவரைப் பிடிக்கவில்லை.
அது கூப்பிட்ட பெயர்களில் இப்போது யாரும் குடியில்லை.
மூன்று வாரமாய்ப் பேன் பார்ப்பதுபோல்
பிழை பிழையாய் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு
காரணம் சொல்லாத ஒரு காத்திருப்பு
கண்ணை உறுத்தாதா?

செவ்வாய்ப்பேட்டை. மொட்டைமாடி அறை.
சித்திரையில் சுவருக்கே காய்ச்சல்.
மேசையில் மழைமானியின் பலகை:
உள்ளங்கை அகலம், பதினெட்டு வயது.
செய்த கம்பெனி இன்றைக்கு இல்லை.
சிப்பின் கையேடு ஜெராக்ஸாகத்தான் கிடைத்தது,
அதிலும் நாற்பத்து மூன்றாம் பக்கத்தைக் காணோம்.
கடிகார பேட்டரி செத்துப்போய்
கரண்ட் போய் வரும்போதெல்லாம்
1970 ஜனவரி ஒன்றில் கண்விழிக்கும்.
அதன் கணக்கில்
நான் பிறக்க இன்னும் பதினாறு வருஷம்.

ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தேன்.
டம்ளரால் ஊற்றி மழை செய்தேன்.
சொட்டு பிசகாமல் எண்ணிச் சொன்னது.
மலையில் இருக்கும் ஏழு பலகைக்கும்
புது நிரலை அனுப்பிவிட்டுத்
தர்பூசணி வாங்கி வந்து தின்றேன்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய் இரவு
ஏற்காட்டுப் பாதையில் விடிய விடிய மழை.
பதினான்காம் கொண்டை ஊசி வளைவில்
ஒரு பாறை இறங்கி வந்து நடுரோட்டில் உட்கார்ந்தது.
(யாருக்கும் ஒன்றுமில்லை.
டயர் பஞ்சராகி அடிவாரத்தில் நின்ற பால் வண்டி
அதனாலேயே தப்பியது.)
இரவு முழுக்கப் பலகை எனக்கு எழுதியிருந்தது:
மழை 0.0
மழை 0.0
மழை 0.0

நெடுஞ்சாலைத் துறை லூர்துசாமி திட்டவில்லை.
“மேடம், எங்க ஆளுங்க நனைஞ்சுட்டு நிக்கிறாங்க.”
அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் முதல் பஸ்.
மடியில் லேப்டாப். ஸ்வெட்டரை மறந்திருந்தேன்.
இரும்புப் பெட்டியைத் திறந்தால்
துரு, இரண்டு பல்லி முட்டை, மூடுபனி வாசம்.
பலகையைத் தொட்டேன், ஐஸ்.
கேட்டேன். பூஜ்யம்.
பதினைந்து பொறுத்துக் கேட்டேன். பூஜ்யம்.
பதினெட்டு பொறுத்தேன்.
சொன்னது.

பதினோரு டிகிரியில் அந்தச் சிப்புக்கு
எழுந்து உட்காரவே பதினேழு மில்லிசெகண்ட் வேண்டும்.
என் அறையின் முப்பத்தொன்பதில் இரண்டே போதும்.
ஆயிரம் முறை ஓட்டினேன்,
ஆயிரம் முறையும் சேலத்திலேயே.

மா.வே.யும் இங்கேதான் நின்றிருக்க வேண்டும்.
விரல் விறைத்து, ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்த்து,
வேலை செய்த எண்ணில் நிறுத்திவிட்டு
பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்க வேண்டும்.
அவசரத்தில் எழுதியதுதான்
“ஏனென்று தெரியவில்லை.”
பொய் சொல்லாத ஆள்.

இருபத்தைந்து என்று போட்டேன்.
குறிப்பைத் திருத்தினேன்:
“எடுத்துவிடாதீர்கள். குளிர்.”
வளைவு எண், மாதம், காலை ஆறு பத்து.
மா.வே.யை அழிக்காமல்
பக்கத்தில் என் எழுத்து இரண்டு.

ஐந்நூற்று மூன்றாம் வரியில் இன்னொன்று இருக்கிறது.
ஒரே இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்கிறது,
முதலில் வந்ததைத் தூக்கிப் போடச் சொல்கிறது.
குறிப்பு இல்லை. எழுத்தும் இல்லை.
கர்சரை அதன்மேல் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.

கீழ் வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.